கடை வீட்டில் கல்வி



கடையில் சரக்குக் குறைந்தால் மாலைக்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டில் பிள்ளையின் படிப்புக் குறைந்தால் ஆண்டுக் கடைசியில்தான் தெரிகிறது. சில வீடுகளில் அதற்கும் பின்னால்தான். நாள் தவறாமல் கல்லாவை எண்ணிப் பார்க்கும் நாம், பிள்ளைகளின் ஏட்டைத் திறந்து பார்ப்பதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது. பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில், தாயும் தந்தையும் ஓய்வின்றி உழைக்கும் வீட்டில், வீட்டிலேயே கல்வி கொடுப்பது எப்படி? அதில் வழுக்கும் இடம் எது?

ஜெலாப்பாங்கில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. பிள்ளைகள் அறுவர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அறுவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். மூத்த மகள் நான்காம் படிவம். கடைசிப் பையனுக்கு எழுத்தே தெரியாது. மளிகைக் கடை ஆதலால் மூடவும் இயலாது. வீட்டில் இருந்த கைப்பேசிகள் இரண்டு. அவற்றிலும் ஒன்று கடைக்கு வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் கற்றதையும், தவறியதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். பள்ளிகள் திறந்தபின் பிள்ளைகளை அனுப்பிவிட்டோம். ஆனால் வீட்டுப் பாட நேரத்தை விடவில்லை. முறைப்படி அனுமதி பெற்று வீட்டிலேயே முழுக் கல்வியும் நடத்தும் குடும்பங்களும் உண்டு. இரு சாராருக்கும் இப்பாடம் பொருந்தும்.

1. இது நமக்குப் புதிதன்று

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் கடல் கடந்து வாணிபம் செய்தார்கள். ஆண்கள் மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்கள். அக்காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் கல்வியையும் சுமந்தவர்கள் பெண்கள். அதற்குக் கைகொடுத்தது அரபுத்தமிழ். தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. தமிழுக்கே உரிய ஓசைகளுக்காகச் சில எழுத்துக்களைப் புதிதாக அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளை, அந்த எழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியில் மார்க்க நூல்களையும் வாசிக்க முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘மகானி’, ‘பத்ஹுத் தய்யான்’ ஆகிய நூல்கள் இந்த எழுத்தில் அமைந்தவையே.

இதில் நமக்குள்ள படிப்பினை ஒன்று. பிள்ளை ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பற்றுக்கோடாக வைத்து அடுத்ததைக் கற்பித்தார்கள். எழுத்து ஒன்று, பயன் இரண்டு. நேரம் குறைந்த வீட்டுக்கு இதுவே ஏற்ற வழி.

2. சட்டாம்பிள்ளை முறை

பல வயதுப் பிள்ளைகளை ஒருவரே நடத்துவது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்றோ விடை கண்டுவிட்டது. அங்கே ஆசிரியர் ஒருவர்தாம். தேறிய மாணவனைச் சட்டாம்பிள்ளை ஆக்குவார். அவன் இளையவர்களுக்கு மணலில் எழுத்துப் போட்டுக் காட்டுவான், முறை சொல்லிக் கொடுப்பான், ஒப்புவிக்கக் கேட்பான்.

1789இல் சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் மனம் ஒப்பவில்லை. உடனே அவர் ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர்கள் ஆகாது என்றதைப் பையன் செய்து காட்டினான். 1797இல் பெல் இதைப் பற்றி இலண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையில் பிறந்த சரக்கு, கப்பல் ஏறிப் போய்ப் பேர் வாங்கியது என்று சொல்லலாம்.

மலாயாவின் இரப்பர் தோட்டங்களும் இதை அறியும். 1912இலும் பின்னர் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றன. அப்படி வந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். மூத்த பிள்ளைகளின் உதவியின்றி அந்த ஆசிரியர் எப்படிச் சமாளித்திருப்பார்?

3. எங்கள் வீட்டு ஒழுங்கு

முதல் வாரம் நாங்கள் ஆறு பிள்ளைகளுக்கு ஆறு அட்டவணை போட்டோம். மூன்றாம் நாளே அது கிழிந்தது. பிறகுதான் ஒரு உண்மை விளங்கிற்று: பாடங்கள் இரண்டு வகை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கற்கக்கூடியது ஒரு வகை; அவரவர் படிக்கேற்பத் தனியே கற்க வேண்டியது மற்றொரு வகை. கதை, வரலாறு, ஓதல், செய்தித்தாள் வாசிப்பு, மலாய்ப் பேச்சு ஆகியவை முதல் வகை. கணக்கு, எழுத்து, இலக்கணம் ஆகியவை இரண்டாம் வகை. இப்படிப் பிரித்த பிறகு ஆறு அட்டவணை ஒன்றாயிற்று.

சுபுஹுக்குப் பின் அனைவரும் ஓதுவார்கள். மதரஸாவில் உஸ்தாது செய்வதைப் போலவே, எல்லோரும் கூடி உட்கார்ந்தாலும் ஒவ்வொருவரிடமும் அவரவர் பாடத்தைத் தனியே கேட்பது. பசியாறியபின் ஒரு மணி நேரம் பொது வாசிப்பு. உரக்க வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் எல்லோரும். பெரியவர்கள் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். நடுப்பிள்ளைகள் ஐந்து வரி. சின்னவன் படம் போட்டால் போதும். பாடம் ஒன்று, வேலை மூன்று தரம். அதன்பின் தனிப்பாடம். லுஹருக்குப் பின் ஓய்வும் வீட்டு வேலையும். அஸருக்குப் பின் விளையாட்டு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே, கடையைப் பையனிடம் விட்டு வாப்பா உள்ளே வந்து ஏடுகளைப் பார்ப்பது. அந்த இடைவேளை சிறியதுதான். ஆனால் ஒரு நாளும் தப்பாமல் பார்த்தோம். பிள்ளைகளை உட்கார வைத்தது எங்கள் அதட்டல் அன்று, இந்தப் பார்வைதான்.

4. நாங்கள் செய்த தவறு

மேலே சொன்னதைக் கேட்டால் எல்லாம் சரியாக நடந்ததாகத் தோன்றும். அப்படியில்லை.

சட்டாம்பிள்ளை முறையை நாங்களும் பின்பற்றினோம். மூத்த மகள் சுறுசுறுப்பானவள். சின்னவனுக்கு எழுத்து, அடுத்தவளுக்கு வாய்ப்பாடு, நடுவில் இருவருக்கு மலாய் என்று எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். உம்மாவுக்கு அடுப்படியிலும் துணை. “எங்கள் வீட்டில் ஆசிரியை இருக்கிறாள்” என்று கடைக்கு வருவோரிடம் பெருமை பேசினோம். அவள் தன் புத்தகத்தைத் திறந்தது இஷாவுக்குப் பின். அதன்மீதே தலை வைத்து உறங்கினாள். எங்கள் கண்ணில் இது படவில்லை.

ஒரு நாள் மூன்றாவது பையன் கேட்டான்: “வாப்பா, எங்களுக்கு லாத்தா சொல்லிக் கொடுக்குது. லாத்தாவுக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறா?”

அன்றிரவு அவளுடைய கணக்கு ஏட்டை வாங்கிப் பார்த்தோம். இரண்டு மாதப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவள் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

மறுநாளே ஒழுங்கை மாற்றினோம். லுஹருக்குப் பின் இரண்டு மணி நேரம் அவளுக்கே உரியது, கதவு சாத்தியிருக்கும், அடுப்படிக்கும் அழைப்பு இல்லை, தம்பிக்கும் அழைப்பு இல்லை. சின்னவன் இரண்டாவது பையனின் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது ஆண்பிள்ளைகளுக்கும் முறை வந்தது. இளையோருக்கு அவள் கற்பிப்பது நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் இல்லை. இருந்தும் இழந்த மாதங்கள் முழுவதும் திரும்பவில்லை. கணக்கில் அவள் தேறினாள், சிறக்கவில்லை. விரும்பிய படிப்புக்கு நேர் வழி கிட்டாமல் சுற்று வழியில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பொறுப்பு நாங்கள்தாம்.

சகோதரர்களே, பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்குத் தன் பாடம் உறுதிப்படும் என்பது மெய். ஆனால் தான் அறிந்ததையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவனுக்குப் புதுப்பாடம் எங்கிருந்து வரும்? சட்டாம்பிள்ளைக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். பெரிய குடும்பத்து வீட்டுக் கல்வியில் முதலில் நஷ்டப்படுவது மூத்த பிள்ளை. அதிலும் மூத்த பெண்பிள்ளை.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அவர்களை நினைத்துப் பாருங்கள். பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு மட்டுமே. எஞ்சியதை வீட்டிலிருந்தபடியே வாசித்து வாசித்துத் தேடிக்கொண்டு, 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். வீட்டுக் கல்வியின் வலிமைக்கு அவர் சான்று என்று நாம் மகிழ்கிறோம். மகிழலாம். ஆனால் மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்ற எத்தனையோ பெண்களில் நூல் எழுதியவர் எத்தனை பேர்? ‘வீட்டில் படிக்கிறாள்’ என்ற சொல், ‘படிப்பை நிறுத்திவிட்டோம்’ என்பதற்கு மறுபெயர் ஆகிவிடக் கூடாது.

5. கடையும் ஒரு பாடப்புத்தகம்

வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு வேறெவருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. பற்று வரவு ஏடு கூட்டலும் கழித்தலும் கற்பிக்கும். 2008 ஏப்ரல் முதல் நாட்டில் பில் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம்: 3 வெள்ளி 47 சென் 3 வெள்ளி 45 சென் ஆகும், 3 வெள்ளி 48 சென் 3 வெள்ளி 50 சென் ஆகும். ஏன் என்று நடுப்பிள்ளையைக் கேளுங்கள். முதியவர் ஒருவர் இன்னும் காத்திக் கணக்கில் சரக்குக் கேட்டால், ஒரு காத்தி சுமார் 605 கிராம் என்று பிள்ளையே நிறுத்துக் காணட்டும். ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு. அது நூற்றுக்கு இரண்டரை என்பதைப் பிள்ளையே போட்டுக் காட்டட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலில் ஒரு பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே. நம் வாழ்க்கைக் கணக்கிலிருந்து வளர்ந்த கல்வி அது.

எனினும் ஒரு எச்சரிக்கை. கல்லாவில் உட்கார வைப்பது வேறு. கல்லாவைக் கொண்டு கற்பிப்பது வேறு. பிள்ளை கடையில் நிற்கும் நேரம் கடைக்கு இலாபமா, பிள்ளைக்கு இலாபமா என்று நம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. சட்டமும் பரீட்சையும்

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பதியாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் கல்வியமைச்சின் விலக்கு பெற்றாக வேண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை 2025இல் மக்களவை ஏற்றது. ஆகவே எதையும் தொடங்குமுன் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது கடமை.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.தி.3 2022இலும் நிறுத்தப்பட்டன. இடையில் பிள்ளையின் தரத்தை நமக்குச் சொல்லிவந்த அவ்விரு பொதுப் பரீட்சைகளும் போய்விட்டன. அதன் பொருள், வீட்டிலேயே அளந்து பார்க்கும் பொறுப்புக் கூடிவிட்டது என்பதே. எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வாளராகவும் எழுதலாம். ஆனால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. வரலாறு 2013 முதல் இவ்வாறு கட்டாயம். கணக்கும் ஆங்கிலமும் கற்பித்துவிட்டு இவ்விரண்டையும் மறந்த வீடு கடைசியில் கையைப் பிசையும்.

குடும்பத்தோடு பேச வேண்டிய கேள்விகள்

அ. நம் வீட்டில் எல்லோரும் கூடிக் கற்கக்கூடியவை எவை? தனியே கற்க வேண்டியவை எவை?

ஆ. மூத்த பிள்ளைக்கென்று யாரும் தொடாத நேரம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?

இ. வீட்டு வேலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் போகிறதா?

ஈ. ஒவ்வொரு பிள்ளையின் ஏட்டையும் கடைசியாக என்று பார்த்தோம்?

இன்றிரவு கடை அடைத்தபின் கல்லாவை எண்ணுவீர்கள். எண்ணி முடித்ததும் மூத்த பிள்ளையின் ஏடு ஒன்றை வாங்கிப் பாருங்கள். வெறும் பக்கம் இருந்தால் கோபிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் நேரம் யாருக்குப் போயிற்று என்று மட்டும் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.