பறக்காத விமானத்திலிருந்து தொடங்கும் பாடம்

பால்சா தகட்டைக் கையில் வாங்கும் குழந்தை அதை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, சந்தேகத்துடன் நம் முகத்தைப் பார்க்கும். மரம் என்று சொன்னோம், கையிலோ கனமே தெரியவில்லை. பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம். 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமன் கொண்ட ஒரு பால்சா தகட்டின் நிறை சுமார் 25 கிராம்தான். அதே அளவுள்ள தேக்குத் தகடு ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் அளவுகோலையும் ஆய்வகத் தராசையும் கொடுத்தால் அடர்த்தியை அவர்களே கணக்கிட்டுவிடுவார்கள். விடை ஒரு கன மீட்டருக்கு 160 கிலோகிராமை ஒட்டி வரும். தகட்டுக்குத் தகடு அடர்த்தி மாறும் என்பதால், குழுக்களின் விடைகள் ஒத்துப்போகாவிட்டால் அதையும் ஒரு கேள்வியாக்கலாம்.

மத்திய, தென் அமெரிக்காவின் மரம் இது. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி ஈக்வடார் நாட்டிலிருந்து வருகிறது. ஸ்பானிய மொழியில் ‘பால்சா’ என்றால் தெப்பம். 1947இல் தோர் ஹெயர்டால் ‘கோன்-டிக்கி’ என்ற பால்சா தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து பாலினேசியா வரை பசிபிக் கடலைக் கடந்தார். சமூக அறிவியல் ஆசிரியர் வரைபடத்துடன் வந்தால் இந்தக் கதைக்கே ஒரு பாடவேளை போதாது. தஞ்சைப் பகுதிக் குழந்தைகளுக்கு நெட்டி தெரிந்திருக்கும். அது பால்சாவையும்விட இலேசானது. ஆனால் நமக்கு வேண்டிய நீளத் தகடுகளாக அது கிடைக்காது.

பால்சா தகடுகள் பெருநகரங்களில் கட்டடக்கலை மாணவர்கள் மாதிரிகள் செய்யப் பொருள் வாங்கும் கடைகளிலும் இணையவழியிலும் கிடைக்கின்றன. மேலே சொன்ன தகடு ஒன்றில் ஐந்து கிளைடர்களுக்கான இறக்கையும் கிடைவாலும் எடுக்கலாம். நான்கு பேருக்கு ஒரு கிளைடர் என்றால் இருபது குழந்தைகளுக்கு அது போதும்.

இறக்கை 30 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். கிடைவால் 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். இரண்டிலும் மரத்தின் நார் ஓட்டம் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே வெட்டினால் முதல் எறிதலிலேயே இறக்கை ஒடியும். உடலுக்கு 3 மி.மீ. தகட்டிலிருந்து 6 மி.மீ. அகலத்தில் 25 செ.மீ. நீளக் குச்சி ஒன்று. செங்குத்து வாலைத் திருமண அழைப்பிதழ் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். வளைத்துத் திருப்ப அட்டைதான் வசதி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு நாமே வெட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. பெரிய வகுப்புகளில் இரும்பு அளவுகோலை வைத்து, புதிய பிளேடு பொருத்திய கத்தியால் அழுத்தாமல் மூன்று நான்கு முறை இழுக்கச் சொல்லுங்கள். மழுங்கிய கத்தி பால்சாவை வெட்டாது, பிய்க்கும். குழந்தை அதை அழுத்தும்போதுதான் விரலும் வெட்டுப்படும்.

இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, பின்விளிம்பை மெலிதாக்க வேண்டும். பிறகு அதை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்து, மறுபாதியின் நுனி 4 செ.மீ. உயர்ந்திருக்கும்படி ஃபெவிகால் வைத்து ஒட்டுங்கள். கிடைக்கும் ஆழமில்லாத ‘வி’ வடிவம்தான் கிளைடர் ஒருபக்கம் சாய்ந்தால் தானே நிமிர உதவுகிறது. இறக்கையின் முன்விளிம்பு மூக்கிலிருந்து 6 செ.மீ. தள்ளி வருமாறு தண்டின்மேல் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது முன்விளிம்புக்கு அடியில், தண்டின் குறுக்கே, ஒரு தீக்குச்சித் துண்டை வைக்க மறக்காதீர்கள். வால்கள் தண்டின் பின்நுனியில். ஓர் இரவு காயட்டும். உடனடிப் பசை விரலையும் சேர்த்து ஒட்டும், நெடியும் அதிகம், வகுப்பறைக்கு வேண்டாம்.

மறுநாள் காற்று எழும்முன் மைதானத்துக்குப் போய்விட வேண்டும். ஆடி மாதத்தில் இதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே புத்திசாலித்தனம். முதலில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. அளவில் இருபுறமும் விரல்நுனியில் தாங்கி, கிளைடர் சமமாக நிற்கும்வரை மூக்கில் வண்ணக் களிமண் ஒட்டச் சொல்லுங்கள். களிமண் இல்லாமல் பார்த்தால் வால்பக்கம் தாழும். சிறு உருண்டை மூக்கின் நுனியில் இருந்தால் நிமிர்த்துகிறது. அதையே இறக்கைக்கு அருகில் வைத்தால் போதவில்லை. ஏன் என்று அவர்கள் கேட்கும்போது தராசைக் காட்டினால் போதும், திருப்புத்திறன் புரிந்துவிடும். 1804இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி செய்த மாதிரி கிளைடரிலும் ஈர்ப்பு மையத்தை நகர்த்த எடை வைக்கும் ஏற்பாடு இருந்தது.

எறிவது என்றால் குழந்தைகளுக்குக் கல் எறிவதுதான் நினைவுக்கு வரும். இது எறிவதல்ல, காற்றில் விடுவது. தோள் உயரத்தில், மூக்கு சற்றே கீழ்நோக்கி, காற்று வரும் திசையைப் பார்த்து மெல்லத் தள்ளி விட வேண்டும்.

பெரும்பாலான கிளைடர்கள் முதல்முறை சரியாகப் பறக்காது. இந்த இடத்தில் நமக்கு ஒரு சோதனை இருக்கிறது. குழந்தையின் கையிலிருந்து அதை வாங்கி, களிமண்ணைக் கிள்ளி, வாலை வளைத்து, பறக்கவைத்துக் காட்டிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் கைதட்டல் நமக்கு; குழந்தைக்கு மிஞ்சுவது சார் கைபட்டால்தான் பறக்கும் என்ற எண்ணம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “எப்படி விழுந்தது?” என்று மட்டும் கேளுங்கள். “விழுந்துடுச்சு சார்” என்பது பதிலாகாது. நேராக மூக்கைக் குத்தியதா? கொஞ்சம் மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, பிறகு மூக்கு கவிழ்ந்ததா? ஒரு பக்கமாகச் சுழன்றதா? முதலாவதற்குக் களிமண்ணைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். மூன்றாவதற்குச் செங்குத்து வாலின் பின்விளிம்பை, சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இம்மியளவு வளைக்க வேண்டும். இதையும் நாமே சொல்லிவிட வேண்டாம். எதை மாற்றலாம் என்று அவர்கள் ஊகிக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றட்டும். களிமண்ணையும் வாலையும் ஒன்றாக மாற்றிய குழுவிடம், “எதனால் சரியாச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்று நாம் கரும்பலகையில் எழுதுவதன் தேவை அப்போது புரியும்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் குழுவின் கிளைடரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “மேல்பக்கம் வளைஞ்சிருக்கும், அதனால மேலே போற காற்று அதிக தூரம் ஓடணும், அதான் தூக்குதுன்னு படிச்சேன். இது தட்டையா இருக்கே, எப்படிப் பறக்குது?” இதற்குப் பதில் தெரியாமல் நழுவக் கூடாது. பிரிந்த காற்று இறக்கையின் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்ற விளக்கம் பல நூல்களில் இருக்கிறது, அது தவறு. அப்படிச் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு இல்லை; தூக்குவிசை தரும் இறக்கையில் மேலே செல்லும் காற்று முந்தியே போய்விடுகிறது. நம் இறக்கைக்கு மேலும் கீழும் ஒரே நீளம். அந்தத் தீக்குச்சியால் அது சற்றே அண்ணாந்து காற்றில் போகிறது. மேலும் கீழும் கடக்கும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றை இறக்கை கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தீக்குச்சி வைக்காத ஒரு கிளைடரை நாம் முன்பே செய்து வைத்திருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து விட்டுப் பார்க்கலாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று முறை விட்டு, தூரத்தின் சராசரியை எழுதச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் உயரத்தில் விட்டது 6 மீட்டர் போய் இறங்கினால் விகிதம் 1:5. விகிதப் பாடத்துக்கு வேறு கணக்கு தேட வேண்டாம். யாருடையது அதிக தூரம் போகிறது என்ற போட்டியை மட்டும் முதல்நாளில் வைக்காதீர்கள். வைத்தால் களிமண்ணை யாரும் தொட மாட்டார்கள். பலமாக எறிவார்கள், அவ்வளவுதான். போட்டி வேண்டுமானால் தன் முதல் தூரத்தைவிட எத்தனை மடங்கு கூட்டினார்கள் என்று பாருங்கள்.

இன்னொன்று. சற்று விலகி நின்று கவனித்தால், பல குழுக்களில் பையன்கள் கிளைடரை விட, பெண்பிள்ளைகள் குறிப்பேட்டுடன் நிற்பது தெரியும். முறைவைத்து மாற்றிவிடுங்கள். விட்டவரேதான் அது எப்படி விழுந்தது என்றும் சொல்ல வேண்டும்.

ஒடிந்த இறக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். ஃபெவிகால் வைத்து ஒட்டினால் மறுநாள் பறக்கும். ஒட்டிய பிறகு எடை கூடியிருக்கும், எனவே சமநிலையை மீண்டும் பார்க்க வேண்டும். இதில் தேறிய குழுக்கள் முறுக்கிய ரப்பரால் சுழலும் விசிறி பொருத்திய விமானத்துக்குப் போகலாம். 1871இல் பாரிஸின் டூலரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்டது அத்தகைய ஒன்றைத்தான். அப்போது குறிப்பேட்டில் ஒரு புதிய பத்தி சேரும்: ரப்பரை எத்தனை சுற்று முறுக்கினோம்.