நாளாந்த நுகர்ச்சியும் சமயபாடமும்

சைவப் பாடசாலைகளிலே ஆசிரியத் தொழில் பூண்ட அன்பர்களே,

நம்முடைய பிள்ளைகள் தேவாரத்தைப் பண்ணோடு பிழையற ஓதுகின்றார்கள். மும்மலம் இவை, மூவினை இவையென்று வினாவிய மாத்திரத்தே விடை பகர்கின்றார்கள். ஆயினும், பரீட்சையிலே ஒரு பாடந் தவறியவிடத்தும், வீட்டிலே ஒரு துன்பம் நேர்ந்தவிடத்தும், ஓதியவற்றுள் யாதொன்றும் அவர்களுக்குத் துணையாவதில்லை. இஃது என்னையெனின், நூலிலே கற்கும் பொருள் வேறு, நாடோறும் நுகரும் பொருள் வேறு என்னும் எண்ணம் அவர்களிடத்து வேரூன்றியிருத்தலாலென்க.

யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்து, ஆங்கில வாசகத்திலே சிலந்திக் கதையொன்று இருந்தது. ஸ்கொத்லாந்து தேசத்து அரசராகிய ரொபேட் புரூஸ் என்பவர், போரிலே தோற்று மறைந்திருந்தபோது, சிலந்தியொன்று பலமுறை வழுவிப் பின்னர் நூலைப் பற்றுவித்தலைக் கண்டு மனந்தேறினார் என்பதும், 1314ஆம் ஆண்டிலே பானொக்பேண் என்னுமிடத்து வெற்றி பெற்றார் என்பதும் அதன் சாரம். போர் சரித்திரம், சிலந்தி கர்ணபரம்பரை. கதை நல்லதே, பிறர் சொன்னதென்று இகழற்பாலதன்று. ஆனால், அக்கதையிலே முயற்சி ஈற்றிலே கைகூடுகின்றது. கைகூடாத முயற்சிக்கும் மீளாத இழப்புக்கும் அது மறுமொழி கூறமாட்டாது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும், 2009இல் முடிந்த போரிலும் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம் வகுப்புக்களில் இருக்கின்றார்கள். எத்துணை முயன்றாலும் இறந்தாரைப் பெறலாகுமோ?

இவ்விடத்தே திலகவதியார் சரித்திரம் வேண்டப்படும். அவரைத் திருநாவுக்கரசு நாயனாருடைய தமக்கையார் என்ற அளவிலே சொல்லிக் கடந்துபோதல் வழக்கமாயிற்று. சேக்கிழார் உரைத்தவாறு அதனை நின்று நோக்குக. தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் இறந்தார், தமக்கு மணம்பேசப்பட்ட கலிப்பகையார் போரிலே பட்டார். உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியார் அழுது வேண்டியதனால், அவர்பொருட்டு உயிர்தாங்கினார். பின்பு அத்தம்பியாரும் பரசமயம் புகுந்து அகன்றார். அப்பொழுது அம்மையார் செய்தது யாது? திருவதிகை வீரட்டானத்திலே விடியுமுன் அலகிட்டார், மெழுகினார், மலர்கொய்து மாலை தொடுத்தார். நாடோறும் செய்யத்தக்க சிறு தொண்டுகளே அவை. துயர் நீங்கியபின் தொண்டு தொடங்கினாரல்லர். தொண்டிலே நின்று துயரைத் தாங்கினார். ஆண்டு பல கழிந்தபின் சூலைநோயால் வருந்தித் தம்பியார் வந்தபொழுது, திருநீறு அளிக்க அங்கே ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லும்பொழுது அற்புதத்துக்கு விரையாது, துடைப்பத்தினிடத்துச் சற்றே தரித்து நிற்க.

இனி ஒன்று கூறுதல் அவசியம். துன்புற்ற பிள்ளையை நோக்கி, "இஃது உன் வினைப்பயன்" என்று சொல்லுகின்ற ஆசிரியர் சிலர் உளர். அது சித்தாந்தமுமன்று, இரக்கமுமன்று. பிராரத்தத்தை இறைவன் ஊட்டுவது ஒறுத்தற்பொருட்டன்று. மருத்துவன் கைப்பு மருந்தை ஊட்டுமாறுபோல, மலம் பரிபாகமடைதற்பொருட்டேயாம். இன்பத்தில் எழுச்சியும் துன்பத்தில் சோர்வுமின்றி இரண்டையும் ஒப்பநோக்குதற்கு உயிர் மெல்ல மெல்லப் பழகுகின்றது. இப்பழக்கத்தை ஒருவன் தன் துன்பத்திலே செய்து பார்க்கலாம். பிறன் துன்பத்துக்கு அதனை விடையாக நீட்டலாகாது. ஆறுமுகநாவலரவர்கள் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்கள். வினையின் இயல்பை அவர்களினும் நன்கறிந்தவர் யாவர்? பசித்து வந்தவர்க்கு அவர்கள் கொடுத்தது கஞ்சி.

பிள்ளைகள் தம் வளவிலேயே காணத்தக்கன பல. கிணற்றை எடுத்துக்கொள்க. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே சுவறி, கீழேயுள்ள உவர்நீரின்மேலே நன்னீராய்த் தங்குகின்றது. நன்னீர் பாரங் குறைந்ததாதலின் மேலே நிற்கும். நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக இருத்தல் யாவருமறிந்தது. இயந்திரங்கொண்டு அளவிறந்து இறைப்பின் உவர் மேலெழும். அவ்வாறு உவர்த்த கிணற்றைப் பின்னும் ஆழத் தோண்டுதல் உவரை அணித்தாக்குமேயன்றி நன்னீரைத் தராது. இறைப்பைக் குறைத்து, அடுத்த மாரி வருமளவும் விட்டிருத்தலே செயற்பாலது. துயருற்ற பிள்ளையிடம் அடிக்கடி வினாவி அகழ்கின்ற அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக. அருகிருந்து, வகுப்புக்குரிய சிறு கருமமொன்றை, கரும்பலகை துடைத்தலையோ பூக்கன்றுக்கு நீர் விடுதலையோ, அப்பிள்ளையிடம் ஒப்புவித்தால், அவ்வளவே அந்நாளுக்குப் போதும்.

பனங்கொட்டையும் அத்தகையதே. புரட்டாசியிலே பாடசாலை வளவிலே சிறு பாத்தி கோலி, இருபது கொட்டை அடுக்கி மண் பரப்புக. மழை பெய்தபின்னும் மேலே ஒன்றுந் தோன்றாது. "சார், இது பழுதாய்ப் போயிற்று" என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். அப்பொழுது ஒன்றை மாத்திரம் கிளறிக் காட்டுக. முளை மேனோக்கி எழாது, மண்ணுக்குள்ளே கீழ்நோக்கி இறங்கியிருத்தலைக் காண்பார்கள். மூன்று நான்கு திங்களிற் கிழங்கைக் கிண்டி அவித்து யாவர்க்கும் பங்கிடலாம். இரண்டொன்றைக் கிண்டாது வடலியாக விடுக. அது காய்க்கும் காலத்து இப்பிள்ளைகள் முப்பது வயதை அணுகியிருப்பார்கள். கிளறிக் காட்டிய அன்று பொருள் விரிக்க முந்தாது, கண்டதைக் கொப்பியிலே நாலு வரி எழுதுமாறு சொல்லி, அவர்கள் எழுதுமளவும் காத்திருக்க.