சூளை சீசன் முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைகள்: உதவித்தொகை கைநழுவாமல் இருக்க

தை பிறந்ததும், சில ஊர்களில் அதற்கு முன்பே, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களின் பல குடியிருப்புகளில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கழிக்க இருளர் குடும்பங்களும், நிலமில்லாத மற்ற கூலிக் குடும்பங்களும் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருப்பார்கள். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் வெயில் ஏறுமுன் குடும்பமே அறுப்புக்கு இறங்கும். பெரியவர்கள் மண்ணை அச்சில் அடித்துக் கவிழ்த்துக்கொண்டே போக, காய்ந்த கல்லைப் புரட்டிவிடும் வேலை பிள்ளைகள் தலையில் விழும். மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். அதற்குள் பொதுத்தேர்வுகள் முடிந்திருக்கும்.

திரும்பி வந்த பிள்ளைக்கு மதிய உணவு முதல் நாளே கிடைத்துவிடும். உதவித்தொகை அப்படியல்ல. சான்றிதழ், வங்கிக் கணக்கு, பள்ளிப் பதிவு என்ற கண்ணிகளில் ஒன்று விட்டாலும் பணம் நின்றுபோகும். ஆகவே பாதி வேலையை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில், பிள்ளையை ஊரிலேயே விட்டுச் செல்ல வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகளும், பெண் குழந்தைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. விடுதிச் சேர்க்கை நடப்பது கல்வியாண்டின் தொடக்கத்தில். பொங்கல் நேரத்தில் போய்க் கேட்டால் இடம் கிடைப்பது கடினம். ஜூனில் ஊர் திரும்பிய கையோடு, அடுத்த சீசனை மனத்தில் வைத்து விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

கூட்டிப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்றால், தலைமை ஆசிரியரிடம் சொல்லி மாற்றுச் சான்றிதழையும், பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்கு உள்ள எமிஸ் எண்ணையும் வாங்கிக்கொண்டு, சூளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5, இதற்கு உரிமை தருகிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது. இந்தச் சேர்க்கையில் இன்னொரு பலனும் உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும். சூளை ஊரின் அரசுப் பள்ளியில் படித்த மாதங்களும் அந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது வருமானச் சான்றிதழ். அதிகக் குளறுபடி நடப்பது இங்கேதான். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். சீசனில் ஒரு குடும்பம் மாதம் 22,000 ரூபாய் ஈட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,64,000 ஆகி, வரம்பைத் தாண்டிவிடும். ஆறு மாதச் சூளைக் கூலி 1,32,000, மீதி ஆறு மாதம் தினக்கூலியாக மாதம் 6,000 என்று சரியாகக் கூட்டினால் மொத்தம் 1,68,000தான். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கும்போது சீசன் எத்தனை மாதம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முன்பணம் திருப்பிக் கழிக்க வேண்டிய கடன். அதைக் கூலியோடு சேர்த்துச் சொன்னால் ஒரே தொகை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டுச் சூளைக்குப் போய்விட்டால், விசாரணைக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்காது, விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழில் இன்னும் கவனம் தேவை. அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணையும் நீளும். இருளர் குடும்பங்கள் ஊரில் இருக்கும் ஜூலை முதல் அக்டோபருக்குள் இதை முடித்துவிடுவது நல்லது.

மாணவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, கைப்பேசி எண் பழையதா என்றும் பார்க்க வேண்டும். சீசனுக்கு ஒரு சிம் மாற்றும் வீடுகளில் ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்ப் பயனற்றுவிடும். இரண்டு ஆண்டு வரவுசெலவே இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிவிடும்.

இனி, ஊர் திரும்பிய பிறகு. இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, குறைந்தது மூன்று மாதச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது சட்டம். சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பக்கூடாது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தவறவிட்டவர்கள் ஜூன், ஜூலை வாக்கில் நடக்கும் துணைத்தேர்வை எழுதலாம். அதற்கான விண்ணப்பம் தேர்வு முடிவு வந்தவுடன் தொடங்கிவிடும். அப்போது குடும்பம் பெரும்பாலும் சூளையில்தான் இருக்கும் என்பதால், பள்ளியோடு தொலைபேசித் தொடர்பு அறுபடக்கூடாது.

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழித் திறன் தேர்வும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில், சூளை சீசனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். படிப்பை இடையில் விட்டால் மீதித் தொகை போய்விடும்.

கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் சூளை வேலைக்குப் போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகைக்குப் பாதிப்பில்லை. அவற்றுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆனால் வேலைக்கு வசதி என்று நேரடிக் கல்லூரியை விட்டுத் தொலைதூரக் கல்விக்கு மாறினால் அந்த 1,000 ரூபாய் நின்றுவிடும்.

எந்தக் குடும்பம் எந்த மாதம் கிளம்பும் என்பது அந்தந்த ஊர்த் தலைமை ஆசிரியருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியாத செய்தியல்ல. அப்படியிருக்க, எழுத்தறியாத பெற்றோர்மீது மட்டும் இந்த அலைச்சலைச் சுமத்துவது நியாயமில்லை. பொங்கலுக்கு முன் ஒரே ஒரு நாள் பள்ளியிலேயே சான்றிதழ் முகாம் நடத்தினால் போதும். சேர்க்கை மறுக்கப்பட்டால் கல்வி உதவி எண் 14417. பிள்ளை வேலையில் பிடித்து வைக்கப்பட்டிருந்தால் 1098.