ரீல்ஸ் போடாத இசைக்கலைஞருக்கு எந்த வழி?

இன்ஸ்டாகிராம் கணக்கு இல்லாமல் இசையை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்கிற இளைஞர்களைச் சங்கீத வட்டாரத்தில் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சிலருக்குக் கேமரா முன்னால் உட்காரக் கூச்சம். சிலருக்கு அரை நிமிட வீடியோவுக்காக ஒரு ராகத்தை நறுக்க மனசு ஒப்பவில்லை. இன்னும் சிலர் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டு, சாதகம் பண்ணுகிற நேரத்தை எடிட்டிங் தின்றுவிடுகிறது என்று நிறுத்தியவர்கள். முடியும் என்றுதான் இவர்களுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் எல்லா வழியிலும் முடியாது.

இசையில் சம்பாத்தியம் வருகிற இடங்கள் இரண்டு வகை. ஒன்றில், ஆயிரக்கணக்கானவர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்திருந்தால்தான் ஒருவர் கூப்பிடுவார். டிக்கெட் விற்கிற மேடையும், சொந்தமாகப் பாட்டுப் போட்டு வெளியிடுவதும் அந்த வகை. இன்னொன்றில், முப்பது நாற்பது பேருக்குத் தெரிந்திருந்தாலே டைரி நிறைந்துவிடும். பக்கவாத்தியம், நாட்டிய அரங்கேற்றம், கல்யாண மேளம், கோவில் பணி, பாட்டு வகுப்பு எல்லாம் இதில் சேரும். அந்த முப்பது நாற்பது பேர் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வழி தெளிவாகிவிடும்.

முதலில் வானொலி. அதன் காலம் போய்விட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் தொடங்கிய நிலையங்கள் நம் சங்கீதக்காரர்களில் எத்தனையோ பேருக்கு முதல் மேடையாக இருந்தன. இன்றும் ஆகாசவாணி ஆடிஷன் வைத்துத்தான் கலைஞர்களைத் தரம் பிரிக்கிறது: ‘பி’, ‘பி ஹை’, ‘ஏ’, அதற்கும் மேலே ‘டாப்’. ஒலிப்பதிவு அறையில் நீங்கள் பாட, கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு உங்கள் பெயரோ குருவின் பெயரோ ஊரோ தெரியக்கூடாது என்பதுதான் முறை. தயார் செய்த ராகங்கள், கிருதிகளின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து அவர்கள் ஒன்றைக் கேட்பார்கள். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று போகும். நன்றாக வருகிற நாலு ராகத்தை மட்டும் கெட்டிப்படுத்திக்கொண்டு போனவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். முகம் தெரியாமல் குரலையும் வாசிப்பையும் மட்டும் வைத்து மதிப்பிடுகிற இடங்கள் நம்மிடம் மிகக் குறைவு. கேமராவுக்குக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியாது.

வானொலியின் சன்மானத்தை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது. வருஷத்தில் சில ஒலிபரப்புகள்தான் வரும். நிலைய வித்வான் என்று மாதச் சம்பளத்தில் ஒரு தலைமுறையே இருந்தது. இப்போது அந்தப் பதவிகளுக்குப் புதிதாக ஆள் எடுப்பது அபூர்வம். ஆனால் கிரேடு என்பது நீங்கள் எங்கே போனாலும் கூட வரும். தூர்தர்ஷன் அதை ஏற்றுக்கொள்கிறது. கோவில் விழாக் கமிட்டிக்காரர் அதைக் கேட்பார். பெண்ணைப் பாட்டு வகுப்பில் சேர்க்க வருகிற அம்மாவும் அதைத்தான் விசாரிப்பார். ஆயிரம் ஃபாலோயர்கள் செய்கிற வேலையை நோட்டீஸில் ‘வானொலிக் கலைஞர்’ என்ற ஒரு வரி செய்துவிடும்.

சபா வழி இதைவிடக் கடினம், அதிலும் வாய்ப்பாட்டுக்காரருக்கு. மார்கழியில் சென்னையில் மதிய நேரக் கச்சேரிகள் இளைஞர்களுக்குக் கிடைக்கும். பெரும்பாலும் இலவச அனுமதி, சன்மானம் பஸ் செலவுக்குக் காணும். அங்கிருந்து மாலை நேரத்துக்கு ஏறுவதற்குப் பல வருஷம் ஆகும். இப்போது சில செயலாளர்கள் விண்ணப்பத்தோடு வீடியோ இணைப்பும் அனுப்பச் சொல்கிறார்கள், எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்றும் கண் வைக்கிறார்கள். மெயின் கலைஞராக மட்டும், அதுவும் சென்னையில் மட்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்குச் சமூக ஊடகம் இல்லாத பாதை நீளம்தான்.

இருந்தாலும் இரண்டு பக்கவழிகள் உண்டு. ஒன்று, சபாக்களே நடத்துகிற போட்டிகள். மியூசிக் அகாடமியிலிருந்து சிறிய சபாக்கள் வரை பல இடங்களில் இவை நடக்கின்றன. பரிசு வாங்கியவரை நடுவர்களாக உட்கார்ந்த வித்வான்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, சென்னைக்கு வெளியே நடக்கிற ஸ்ரீராமநவமி உற்சவங்களும் நவராத்திரிக் கச்சேரிகளும். அங்கே அழைப்பு ஒருவர் சொல்லி இன்னொருவருக்குப் போகிறது. போன வருஷம் பாடியவர் நன்றாகப் பாடி, நேரத்துக்கு வந்து, மைக்காரரிடம் எரிந்து விழாமல் இருந்திருந்தால் அடுத்த வருஷமும் அவர்தான். மேடை தர ‘நன்கொடை’ கேட்கிற இடங்களும் இருக்கின்றன. தயவுசெய்து கொடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய மேடை அடுத்த மேடைக்கு வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

வயலின், மிருதங்கம், கடம், கஞ்சிரா வாசிப்பவர்களின் நிலைமை வேறு. ஒரு கச்சேரிக்குப் பாடுகிறவர் ஒருவர் என்றால் பக்கவாத்தியம் இரண்டு பேராவது வேண்டும். அவர்களை ரசிகர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பாடகரோ சபாக்காரரோதான் கூப்பிடுகிறார்கள். ஊரில் இருக்கிற பதினைந்து பாடகர்களுக்கு உங்கள் வாசிப்பு பிடித்துவிட்டால் போதும். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியக்காரராகத்தான் மேடை ஏறினார். அவருடைய தனிக் கச்சேரி, அவர் இயற்றிய வர்ணம், தில்லானா எல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் வந்தவை. பாடுகிறவர் எடுக்கிற ராகத்தை முதல் இரண்டு பிடியிலேயே பிடித்துக்கொள்வதும், புதிதாகப் பாடுகிறவர் தடுமாறும்போது தூக்கி நிறுத்துவதும்தான் இங்கே உங்களுக்கு விளம்பரம். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நன்றாக வாசிக்கிற பெண்ணாக இருந்தாலும் மிருதங்கத்துக்குக் கூப்பிடத் தயங்குகிற பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அது அநியாயம். அந்தத் தயக்கம் இல்லாத பாடகர்களைத் தேடிப் பிடிப்பதில் பெண் கலைஞர்கள் கூடுதல் உழைப்பைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பாடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற வழி நாட்டியத்துக்குப் பாடுவது. பலர் இதைக் கச்சேரிக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்க்கிறார்கள். அதனாலேயே இங்கே நல்ல குரலுக்குப் பஞ்சம் இருக்கிறது. ஒரு அரங்கேற்றத்துக்கு அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டும். ஒத்திகையில் போய் உட்கார்ந்து பாருங்கள். நட்டுவாங்கம் செய்கிற ஆசிரியை ஜதியின் காலப்பிரமாணத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார். ஆடுகிற பெண் சஞ்சாரியில் கண்ணனை யசோதை தேடுகிற கட்டத்தை முடிக்கிற வரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும், ஒவ்வொரு தடவையும் வேறு சங்கதியில், அவள் கையைப் பார்த்துக்கொண்டே. அவள் திரும்புகிற இடத்தில் நீங்கள் எடுப்புக்கு வந்து நிற்க வேண்டும். இது வந்துவிட்டால் அந்த ஆசிரியை உங்களை விடமாட்டார், அடுத்த மாணவிக்கும் நீங்கள்தான். ஒத்திகைக்குத் தனியாக, நிகழ்ச்சிக்குத் தனியாகச் சம்பளம் பேசிக்கொள்ளுங்கள். ஆறு நாட்டிய ஆசிரியைகளோடு நல்ல பழக்கம் இருந்தால் ஒரு பாடகியின் வருஷம் ஓடிவிடும். வெளிநாட்டுத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு இங்கிருந்து குழுவை வரவழைப்பதும் உண்டு. அந்த அழைப்பு ஆசிரியை சொல்லித்தான் வருகிறது.

நாதஸ்வரம், தவில் பக்கம் வருகிறவருக்குச் சமூக ஊடகம் பற்றிய கேள்வியே கொஞ்சம் விநோதமாக இருக்கும். கல்யாண மேளம் பேசுகிறவர் மண்டப மேனேஜரையும் சமையல் காண்ட்ராக்டரையும் புரோகிதரையும் கேட்டுத்தான் பேசுகிறார். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஒரு செட். முகூர்த்த நாட்களில் ஓயாத வேலை, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களைக் கணக்கில் வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், தேவாரம் உட்பட மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. பழனியில் கோவில் நடத்துகிற பயிற்சிப் பள்ளியும் உண்டு. அறநிலையத்துறைக் கோவில்களில் நாதஸ்வரம், தவில், ஓதுவார் பணியிடங்களுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். சம்பளம் கோவிலைப் பொறுத்து மாறும்; பெரிய கோவில் என்றால் நிரந்தர வருமானம், சின்னக் கோவில் என்றால் வெளிக் கச்சேரியும் சேர்த்தால்தான் தாங்கும். தேவாரம் படித்தவர்களுக்கு இப்போது போட்டி குறைவு என்பது என் கணிப்பு. குரல் நன்றாக இருந்தும் சபா கிடைக்கவில்லை என்று சோர்ந்திருக்கிற இளைஞர்கள் ஓதுவார் பயிற்சியைப் பற்றி விசாரிப்பதே இல்லை. 2021-ல் தாம்பரம் பக்கத்தில் மாடம்பாக்கம் கோவிலில் ஒரு பெண் ஓதுவார் நியமிக்கப்பட்டார். பெண்களும் இந்த வழியை யோசிக்கலாம்.

மெல்லிசைக் குழுக்கள் சித்திரை, வைகாசித் திருவிழாக்களை நம்பி ஓடுகின்றன. குழு நடத்துகிறவர் ஒருவரைப் பழக்கம் பிடித்தால் நுழைந்துவிடலாம். ஆனால் டிராக் போட்டுப் பாடுகிற பழக்கம் வந்தபிறகு வாத்தியக்காரர்களின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. சினிமா ஸ்டுடியோவும் அப்படித்தான். வீணை சிட்டிபாபு பல வருஷம் திரைப்பட இசைக்குழுவில் வாசித்தவர். பாவலர் சகோதரர்கள் குழுவோடு ஊர் ஊராகப் போன இளையராஜா, சென்னையில் கிடாரிஸ்ட்டாக வாசித்து, இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-ல் ‘அன்னக்கிளி’க்கு வந்தார். அன்றைக்கு ஒரு பாட்டுக்கு ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்தார்கள். கீபோர்டு அந்த நாற்காலிகளில் பலவற்றைக் காலி செய்துவிட்டது. சினிமா இசைக்கலைஞர் சங்கத்தில் உறுப்பினராகி, ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்தவுடன் வாசிக்கிற திறமை இருப்பவருக்கு இன்னும் இடம் உண்டு. இல்லாதவர் இந்த வழியை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள் ராயல்டி வசூலித்துத் தருகிற ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிவு செய்யட்டும். ஆனால் அந்த ராயல்டியை மட்டும் நம்பிச் சமூக ஊடகம் இல்லாமல் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

பாட்டு வகுப்புதான் மாதாமாதம் பணம் வருகிற வழி. மாணவர் ஒருவர் வந்து நன்றாகப் பாடினால் அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் வருவார்கள். மேற்கத்திய இசை கற்பிப்பவர் என்றால் டிரினிட்டி லண்டன் கிரேடு தேர்வுகளுக்கு அனுப்பிவையுங்கள், பெற்றோருக்கு அந்தச் சான்றிதழ் புரிகிறது. கர்நாடக சங்கீதத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதி, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருப்பவருக்குப் பள்ளிக்கூட வேலைக்கு வழி இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக்கல்லூரிப் படிப்பும் இதற்கு உதவும். யாழ்ப்பாணத்தில் வட இலங்கை சங்கீத சபைத் தேர்வுகளுக்கு இதே மாதிரியான மதிப்பு. ஆபத்து ஒன்றுதான்: நாள் முழுக்க சரளி வரிசை சொல்லிக்கொடுத்துவிட்டு இரவு சாதகம் பண்ணத் தொண்டை இருக்காது. காலை நேரத்தை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, மாலையில் மட்டும் வகுப்பு வையுங்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருஷம் கிடைக்கும். அந்தத் தொகைக்கு ஈடான வகுப்புகளைக் குறைத்துக்கொண்டு குருவிடம் போக அது போதும்.

எந்த வழியாக இருந்தாலும் கையில் சில பொருட்கள் வேண்டும். எடுக்கிற போன். நல்ல ஒலிப்பதிவில் இருபது நிமிஷம், கேட்பவருக்கு மெயிலில் அனுப்புவதற்கு. பெயர், வாத்தியம், கிரேடு, நம்பர் போட்ட கார்டு. ஒப்புக்கொண்ட தேதியை எழுதி வைக்க ஒரு டைரி. பெரிய சம்பளம் வந்தது என்று சின்ன நிகழ்ச்சியைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டால் அந்தச் செய்தி எந்த ஊடகத்தையும்விட வேகமாகப் பரவும். சன்மானத்தை முன்கூட்டியே, வாய் திறந்து பேசுங்கள். பேசக் கூச்சப்படுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. வாத்தியக்காரர் என்றால் பக்கவாத்தியம், பாடுகிறவர் என்றால் நாட்டியம், இரண்டு பேருக்கும் மாலையில் வகுப்பு, இதற்கிடையில் வானொலி கிரேடு. சபா மேடை வந்தால் சந்தோஷம், அதற்காக மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள். மேளக்காரர்களுக்குக் கோவில் பணிக்கான விண்ணப்பமும் தயாராக இருக்கட்டும். இந்த வாரம் பக்கத்து வானொலி நிலையத்துக்குப் போன் போட்டு அடுத்த ஆடிஷன் எப்போது என்று கேளுங்கள். அப்படியே உங்கள் ஊர் நாட்டிய ஆசிரியை ஒருவரிடம், ஒத்திகைக்கு வந்து உட்காரலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.