பனிக்கால வானிலை அறிக்கையை நோயாளி படிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பின், மார்கழியின் பிற்பகுதி முதல் மாசி வரை, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அறிக்கை பெரும்பாலான நாள்களில் ஒரே பாங்கில் அமைந்திருக்கும். தமிழகத்திலும் புதுவை, காரைக்கால் பகுதிகளிலும் வறண்ட வானிலை நிலவும். அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் இருக்கும். நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் உறைபனிக்கு வாய்ப்புண்டு என்பனவே அதன் சாரம். புயலையும் கனமழையையும் அஞ்சிக் கழித்த கடலோர மக்களுக்கு இது நிம்மதி தரும் செய்தி. குடையை மடித்து வைத்துவிட்டு, அறிக்கையைக் கேட்பதையும் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

நலமுடன் இருப்போருக்கு அது போதும். ஆனால் இதயநோய், உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, நீரிழிவு ஆகியவற்றுக்கு மருந்துண்போரும் அவர்களைப் பேணுவோரும் இவ்வறிக்கையைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டும். எதற்காக, எவ்வாறு என்பதை இங்கு விளக்க விழைகிறோம்.

அறிக்கையின் சொற்கள் உணர்த்துவன

'வறண்ட வானிலை' என்றால் மழை இராது என்பதே பொருள். காற்றில் ஈரமே இராது என்பதன்று. கடலோர ஊர்களில் இக்காலத்து விடியற்காலைக் காற்று ஈரம் மிகுந்தே இருக்கும். மேகமற்ற வானத்தின்கீழ், பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் இரவெல்லாம் இழந்துகொண்டே வருகிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி புல்லிலும் கூரையிலும் பனித்துளியாகப் படிகிறது. காற்றிலேயே நுண்துளிகளாக மிதக்கும்போது பனிமூட்டமாகிறது. பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்துவிட்டால் அதனை மூடுபனி என்பர்.

உறைபனி என்பது வேறு. நிலத்தின் மேற்பரப்பு நீரின் உறைநிலைக்கும் கீழே குளிரும்போது வெண்படலமாகப் படிவது அது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அது இயல்பு. கடற்கரையில் அது நேராதவாறு வங்கக் கடல் காக்கிறது. நீர் மெதுவாகச் சூடேறி, மெதுவாகவே குளிர்வதால் கரையோர நிலமும் அளவுக்கு மீறிக் குளிர்வதில்லை. சனவரி மாதத்தில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி செல்சியசை ஒட்டியும், அதிகபட்சம் 30 டிகிரியை ஒட்டியும் இருக்கும்.

இருபத்தொரு டிகிரி ஒரு குளிரா?

மலைவாழ் மக்கள் கேட்டால் நகைப்பர். எனினும் நம் உடல் பழகியிருப்பது வெயிலுக்கு. நம் வீடுகளும் காற்று உட்புகுமாறு கட்டப்பட்டவை. தடித்த ஆடைகள் பல இல்லங்களில் இருப்பதே இல்லை. பகலுக்கும் விடியலுக்கும் இடையே ஒன்பது, பத்து டிகிரி வேறுபடும்போது, முதியவரின் உடல் அம்மாற்றத்தை விரைந்து ஈடுசெய்ய இயலாது தடுமாறுகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் முன்னோர் கூறியதை உறைபனி காணாத ஊராரும் உணர்ந்தே சொல்லி வருகின்றனர்.

குளிர் பட்டதும் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது. உறக்கத்திலிருந்து எழும் வேளையில் இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும். மாரடைப்பு காலை வேளையில் மிகுதியாக நேர்வது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. முந்தைய நாள் உண்ட மருந்தின் ஆற்றல் சிலருக்குக் குறைந்திருக்கும் நேரமும் அதுவே.

மூச்சுக்கு வேறொரு இடர் உண்டு. வழக்கமாகத் தரையருகே உள்ள சூடான காற்று மேலெழுந்து, புகையையும் தூசியையும் உடன்கொண்டு செல்லும். தெளிந்த, காற்றசைவற்ற இரவில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சற்றுச் சூடான காற்றும் அமைந்துவிடுகின்றன. மேலுள்ள அடுக்கு மூடி போலாகிறது. வாகனப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் நாம் சுவாசிக்கும் உயரத்திலேயே தங்குகின்றன. 2018ஆம் ஆண்டு போகியன்று பழம்பொருள்களை எரித்த புகை பனியோடு கலந்து சென்னையை மூடியதால் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். குளிர்ந்த காற்றும் புகையும் சேர்ந்தால் ஆஸ்துமா உடையவரின் மூச்சுக்குழல்கள் எளிதில் சுருங்கிவிடும்.

பழக்கத்தை விட வேண்டாம்; நேரத்தை மாற்றுக

வெப்பநிலை மிகத் தாழ்வது நள்ளிரவில் அன்று. சூரிய உதயத்தை ஒட்டியே. சென்னையில் இம்மாதங்களில் கதிரவன் உதிப்பது காலை 6.30 மணியளவில். ஆகவே நான்கு முதல் ஏழு மணி வரையிலான பொழுதே நோயாளிகள் கவனத்துடன் கடக்க வேண்டிய பொழுது. நம் இல்லங்களில் கோலமிடுவதும், தலைக்குக் குளிப்பதும், கோயிலுக்குச் செல்வதும், நடைப்பயிற்சியும் இந்த மூன்று மணி நேரத்திற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

இவற்றைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. நடை நின்றுவிட்டால் சர்க்கரையும் அழுத்தமும் உயரும். வழிபாடு நின்றால் மனம் சோரும். நடைப்பயிற்சியை எட்டு மணிக்கோ மாலை நான்கரை மணிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். கோயிலுக்கு விடியுமுன் சென்றே தீர வேண்டுமெனில் காதையும் மார்பையும் மூடும் ஆடை அணிந்து, ஒருவர் துணையுடன் செல்லுங்கள். படுக்கையை விட்டுச் சட்டென எழாமல், சில நிமிடங்கள் அமர்ந்த பின் எழுங்கள். குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றுவதைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள்.

நோய்க்கேற்ற கவனம்

உயர் இரத்த அழுத்தம் உடையோர் வாரம் இருமுறையேனும் அழுத்தத்தை அளந்து குறித்து வைப்பது நன்று. அளவு உயர்ந்திருந்தால் குறிப்பேட்டுடன் மருத்துவரைக் காணுங்கள். மாத்திரையைத் தாமே கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோர், மூச்சு நன்றாக இருக்கிறது என்று எண்ணித் தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிடலாகாது. உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்டியில் கிடந்த கம்பளியை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே போர்த்துங்கள். போகியன்று காலை சன்னலை மூடி வீட்டினுள் இருப்பது நலம்.

நீரிழிவு உடையோர்க்குக் குதிகால் வெடிப்பு சிறிய குறையன்று. உணர்வு குன்றிய பாதத்தில் அவ்வெடிப்பு புண்ணாகி, வலியின்றியே ஆழமாகும். இரவில் பாதத்தைக் கழுவி ஈரம் ஒற்றி, தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவுங்கள். விரலிடுக்குகளில் தடவ வேண்டாம்.

தாகம் எடுக்கவில்லை என்பதற்காக முதியோர் நீரருந்த மறக்கலாகாது. ஆனால் இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக நீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் அவ்வளவை மீறக் கூடாது. வியர்வை குறையும் இக்காலத்தில் இதயச் செயலிழப்பு உடையோர் நாள்தோறும் எடை பார்ப்பது அவசியம். இரண்டு மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அன்பினால் நேரும் தீங்குகள்

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று செய்பவையே சில வேளைகளில் உயிருக்கு இடராகின்றன. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினால், மணமும் நிறமுமற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை எழவிடாமலே கொல்லும். மலைக்குச் சுற்றுலா செல்வோர் இதனைச் சிறப்பாக நினைவிற்கொள்க. நீரிழிவு உடையவரின் காலில் வெந்நீர்ப் பை வைத்தால், சுடுவதை அவர் உணராமலே தோல் வெந்துவிடும். சிறு குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் அமர்த்தி ஆவி பிடிக்கச் செய்வதாலும் தீக்காயங்கள் நேர்கின்றன. கொசுவர்த்திப் புகை மூச்சு நோயாளிக்கு ஆகாது, கொசுவலையே நன்று.

மழை நின்றாலும் தேங்கிய நீர் எல்லா இடத்திலும் வற்றிவிடுவதில்லை. ஆகையால் காய்ச்சல் கண்டால் 'பனிக் காய்ச்சல்' என்று ஒதுக்காமல், இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால் இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்.

தாமதமின்றி வர வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல்; நிவாரண இன்ஹேலர் எடுத்தும் மூச்சுத் திணறல் தணியாமை; முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல். இவற்றுள் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108 எண்ணை அழையுங்கள். இவ்வேளைகளில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையையோ மூளையையோ காப்பதற்குரியது. 'இந்நேரத்தில் பிள்ளைகளை எழுப்புவானேன்' என்று முதியோர் பொறுத்திருப்பதைக் காண்கிறோம். எந்நேரமும் எழுப்பலாம் என்று பிள்ளைகள் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இல்லத்தில் கலந்து பேச

நோயாளியும் பேணுவோரும் இன்று மாலை ஒன்றாக அமர்ந்து இவ்வினாக்களுக்கு விடை காணுங்கள்.

1. நாளைய அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலை என்ன? பனிமூட்டம் குறிக்கப்பட்டுள்ளதா?
2. காலை ஏழு மணிக்கு முன் நாம் செய்யும் பணிகளுள் எவற்றை எட்டு மணிக்கு மாற்றலாம்?
3. மருந்துகள் அடுத்த பத்து நாள்களுக்கு இருப்பில் உள்ளனவா? பொங்கல் விடுமுறையில் தீர்ந்துவிடுமா?
4. இரவில் உடல்நலம் குன்றினால் முதலில் யாரை எழுப்புவது? வாகனத்திற்கு யாரை அழைப்பது?

விடைகளை ஒரு தாளில் எழுதி, நாள்காட்டியின் அருகே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அத்தாளையும் உடன் கொண்டு வந்தால், உங்கள் மருந்து நேரங்களையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்து தருவோம்.