பாலாற்றங்கரைப் பல் மருத்துவருக்கு ஒரு கடிதம்

வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் புதிதாகப் பணி தொடங்கும் இளம் பல் மருத்துவருக்கு,

ராணிப்பேட்டையிலிருந்து வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தில் பல் மருத்துவம் பார்க்க வருபவர், நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே சிலவற்றைக் கேட்டறியும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வது நல்லது. வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது, வேலை நேரம் எப்படி அமைந்திருக்கிறது, வாயில் எதை அடக்கி வைக்கும் வழக்கம் இருக்கிறது என்பவையே அவை. சொத்தையும் ஈறு நோயும் எல்லா ஊர்களிலும் உள்ளவைதாம். ஆயினும் அவை எந்த வயதில் தொடங்கி எந்த நிலையில் மருத்துவரிடம் வந்து சேர்கின்றன என்பதைப் பெரும்பாலும் இந்த விவரங்களே முடிவு செய்கின்றன. 1900ஆம் ஆண்டில் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கும் வேலூரில், பெரிய நோய் என்றால் அங்கே போகக் குடும்பங்கள் தயங்குவதில்லை. பல்வலிக்கு மட்டும் தெருமுனை மருந்துக் கடையே போதும் என்ற எண்ணம் மாறாமல் இருக்கிறது. மாத்திரை போட்டதும் வலி அடங்குவதால் நோயும் தீர்ந்தது என்று நம்புபவருக்கு, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த பற்கூழ் என்ற மென்மையான பகுதி இருப்பதையும், அது அழுகிச் செத்துப்போனாலும் வலி நின்றுவிடும் என்பதையும், அந்த அமைதிக்குப் பின் வேர் நுனியில் சீழ் கட்டி ஒருநாள் கன்னம் வீங்கும் என்பதையும் பொறுமையாக விளக்குவது சிகிச்சையின் ஒரு பகுதியே.

தண்ணீரைப் பற்றிய கேள்வி இங்கே மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இந்த வரலாற்றோடு வாழ்ந்த பெற்றோர், பிள்ளையின் முன்பற்களில் சுண்ணாம்பு நிறக் கோடுகளையோ பழுப்புத் திட்டுகளையோ கண்டதும் டேனரியைக் குற்றம் சொல்வது இயல்பு. ஆனால் அத்தகைய கறைக்குப் பெரும்பாலும் காரணமாவது தொழிற்சாலை அன்று, பாறை. கருங்கல் வகைப் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு என்ற உப்புக்கூறு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கிறது; குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்திருக்கிறது. அளவு மீறும்போது, தாடை எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பற்களின் மேலுறையாகிய பற்சிப்பி சரியாக இறுகுவதில்லை. ஏழு வயதில் முளைக்கும் முன்பல்லில் தெரியும் கறை அந்தக் குழந்தை தவழ்ந்து நடந்த வயதில் குடித்த நீரின் விளைவு என்பதால், கரியும் உப்பும் செங்கல் பொடியும் கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. எஞ்சியுள்ள பற்சிப்பியே தேயும். பெண்பிள்ளையின் பல் கறையைத் திருமணப் பேச்சோடு முடிச்சுப்போட்டுக் கவலைப்படும் தாயிடம், அது அழுக்கன்று என்பதை முதலில் சொல்லிவிட்டு, மெருகேற்றுதல், வெளுப்பூட்டுதல், பல் நிறப் பூச்சு ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பின்னர் பேசலாம்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு நீக்குகிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் கேன் தண்ணீரும் பரவிய பிறகு, ஒரே வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரில் வளர்ந்த மூத்த பிள்ளைக்குக் கறையும், கேன் தண்ணீரில் வளர்ந்த இளைய பிள்ளைக்குச் சொத்தையும் காணப்பட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஃபுளோரைடு பற்பசை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு ஊர் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. ஐயம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்வதே முறை. விழுங்கப்படும் ஃபுளோரைடுதான் கறையை உண்டாக்குகிறது, பல்லின் மேற்பரப்பில் படுவது சொத்தையைத் தடுக்கிறது என்ற வேறுபாட்டை விளக்கி, மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பெற்றோரே பிதுக்கிக் கொடுத்து, துலக்கி முடித்ததும் துப்பச் செய்ய வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும்.

விழப்போகிற பால்பல்லுக்கு எதற்குச் செலவு என்பது பெற்றோரிடமிருந்து எல்லா மருத்துவர்களுக்கும் வரும் கேள்வி. பால்பல் சீழ் பிடித்தால் அதன் அடியில் காத்திருக்கும் நிலைத்த பல்லும் கெடலாம் என்ற விடையும் தெரிந்ததே. அதைவிட அழுத்திச் சொல்ல வேண்டியது ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லைப் பற்றி. எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் பின்கோடியில் அமைதியாக முளைக்கும் அந்தப் பல்லையும் பால்பல் என்றே வீட்டார் எண்ணிவிடுவதால், வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் பத்து வயதிலேயே குழி விழுந்து பிடுங்கப்படுகிறது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளை எதற்காக வந்தாலும் அதன் கடைவாயைப் பெற்றோருக்குக் கண்ணாடியில் காட்டி, பள்ளங்களை அடைக்கும் பூச்சைப் பற்றிச் சொல்லிவிடுவது, பின்னாளில் செய்யும் எந்த வேர் சிகிச்சையையும்விடப் பயனுள்ளது.

காலணித் தொழிற்சாலைகளில் தையல் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் விடியலில் சமைத்துவிட்டுக் கம்பெனிப் பேருந்தைப் பிடிப்பவர்கள். காலை உணவு பல நாள் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டுமாகவே முடிகிறது. இனிப்பு வாய்க்குள் போகும் ஒவ்வொரு முறையும் பல்லின் மேல் படிந்துள்ள நுண்ணுயிர்ப் படலம் அமிலம் சுரக்கிறது. அமில காரக் குறியீடு ஏறத்தாழ 5.5க்குக் கீழ் இறங்கினால் பற்சிப்பி கரையத் தொடங்குகிறது; உமிழ்நீர் அந்த அமிலத்தைச் சரிசெய்ய அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகிறது. ஒரு நாளில் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம் என்பதை இவர்களுக்கு எடுத்துச் சொன்னால், தேநீரையே விடச் சொல்லும் அறிவுரை தேவைப்படாது. உணவோடு சேர்த்துக் குடிப்பதும், குடித்தபின் வாய் கொப்பளிப்பதும், இரவு படுக்கும் முன் ஒருமுறை துலக்குவதும் பெரும் பங்கு பயன் தரும். கூலி இழந்து பகலில் வர இயலாதவர்களுக்காக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கதவைத் திறந்து வைக்காத மருத்துவர், நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்று குறைசொல்லும் உரிமையை இழந்துவிடுகிறார். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்குப் பல் சிகிச்சையும் அதில் அடங்கும் என்பதை நினைவூட்டுவதால் தம் வருவாய் சிறிது குறைந்தாலும் குறையட்டும்.

ரமலான் மாதத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மருத்துவமனையின் நேர அட்டவணை மாற வேண்டும். நோன்பிருக்கும்போது பற்பசை பயன்படுத்தலாமா, மரத்துப்போக ஊசி போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள். மருத்துவர் செய்யக்கூடியது, தள்ளிப்போடக்கூடிய சிகிச்சையைப் பெருநாளுக்குப் பின் வைப்பதும், வீக்கமும் காய்ச்சலும் உள்ளவரைத் தள்ளிப்போட விடாமல் நோன்பு திறந்த பின் பார்ப்பதுமே. ஸஹர் உணவுக்குப் பின் நோன்பு தொடங்கும் முன் துலக்கிவிட்டால், பகலெல்லாம் உமிழ்நீர் குறைந்து உலர்ந்திருக்கும் வாயில் இனிப்பு ஒட்டிக்கொண்டிருக்காது. உகாய் மரத்தின் வேராலும் கிளையாலும் ஆகும் மிஸ்வாக் குச்சியை இழிவாகப் பேசுவது அறியாமை. நார் மழுங்கியதும் நுனியை வெட்டிப் புதிதாக மென்று, கடைவாயின் உட்புறம் வரை கொண்டுபோகக் கற்றுக்கொடுத்தால் அது நல்ல கருவியே. ஆலும் வேலும் வேம்பும் பற்றிக் கேட்பவருக்கும் இதே விடை பொருந்தும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்ற அச்சத்துக்கு, கண்ணுக்கும் பல்லுக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு என்ற ஒரு வரி போதும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று, ஏனெனில் நோயாளி கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஈறோரம் படிந்து இறுகிய காரை, எலும்பு கரைந்துபோன பல்லை அக்கம்பக்கத்துப் பல்லோடு பிணைத்து வைத்திருக்கிறது. அதை அகற்றியதும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. இதை முன்கூட்டியே சொல்லாமல் காரையை எடுத்த மருத்துவர் அந்தத் தெருவின் நம்பிக்கையை இழப்பார். சர்க்கரை நோயாளிகளிடம் ஈறு நோய் வேகமாக முற்றுவதாலும், ஈறு அழற்சி சர்க்கரைக் கட்டுப்பாட்டையே குலைப்பதாலும், ஈறில் இரத்தம் கசியும் நடுவயதினரிடம் சர்க்கரை பார்த்தீர்களா என்று கேட்கத் தவறக் கூடாது.

எல்லாவற்றையும்விட நெடுநேரம் பேச வேண்டியது பாக்கைப் பற்றி. பிரியாணி விருந்துக்குப் பின் பீடா, வயதானவர்களுக்கு வெற்றிலை பாக்கு, இளைஞர்களுக்கு மாவா என்று அது பல உருவங்களில் வருகிறது. புகையிலை கலந்த குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013 மே மாதம் தடை விதிக்கப்பட்ட பிறகு, புகையிலை இல்லாத பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு உறுதிசெய்திருக்கிறது. புற்றுநோய்க்கு முன்பே வருவது வாயின் உட்சவ்வு நார்த்திசுவாகி இறுகும் நோய். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952இல் கண்டு விவரித்தது இதுவே. முதலில் காரம் பட்டால் எரிகிறது. பின்னர் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, வாய் திறப்பு ஆண்டுக்காண்டு சுருங்குகிறது.

இந்த நோயை விளக்க இந்த வட்டாரத்தைவிடத் தக்க இடம் இல்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருளாகிய டானின், தோலின் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தோடு பிணைந்து, நொதிகளால் சிதைக்க முடியாதபடி அதை இறுக்குகிறது. குரோமிய உப்பு வருவதற்கு முன் இப்பகுதியின் தோல்கள் இப்படித்தான் பதமாயின. பாக்கிலும் டானின் உண்டு. அதனோடு அரிகோலின் என்ற ஆல்கலாய்டும் செம்பும் உண்டு. அரிகோலின் கன்னத்தின் உயிரணுக்களைத் தூண்டிக் கொலாஜனை மேலும் மேலும் சுரக்கச் செய்ய, மற்றவை அந்த நார்களைப் பிணைத்துச் சிதையாமல் காக்கின்றன. பதனிடப்படும் தோல் உயிரற்றது, ஒருமுறை பதமானால் அதோடு முடிந்தது. கன்னமோ உயிருள்ளது என்பதால், பாக்கு நீடிக்கும் வரை இறுக்கமும் வளர்ந்துகொண்டே போகிறது. தோல் பட்டறையில் வேலை செய்தவருக்கு இதைச் சொல்லப் படம் கூடத் தேவையில்லை. அப்படியானால் கடுக்காய்ப் பற்பொடியும் கெடுதல்தானே என்று அவர் திருப்பிக் கேட்கக்கூடும், அது நல்ல கேள்வி. அதில் அரிகோலின் இல்லை, அது வாயில் தங்குவதும் சில நிமிடங்களே, பாக்கோ மணிக்கணக்கில் கன்னத்தோரம் ஊறுகிறது என்பதே விடை.

இறுகிய சவ்வு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாக்கை நிறுத்துவதும், திறப்புப் பயிற்சியும், ஊசி மருந்தும், முற்றியவர்களுக்கு அறுவை சிகிச்சையும் இருப்பதைக் காத்து ஓரளவு மீட்பவை மட்டுமே. ஆகையால் பல்வலிக்கு வந்தாலும் கிளிப் போட வந்தாலும், பதின்ம வயதைத் தாண்டிய எவரையும் தம்முடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பார்ப்பதும், மேல் கீழ் முன்பற்களின் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து சீட்டில் தேதியோடு எழுதுவதும் வழக்கமாக வேண்டும். அடுத்த முறை அந்த எண் குறைந்திருந்தால் பாக்கு நிற்கவில்லை என்று தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டோ இருந்தால், களிம்பு கொடுத்துக் காலம் கடத்தாமல், திசுப் பரிசோதனைக்கு அன்றே சீட்டு எழுதி அனுப்பிவிட வேண்டும்.