பாட்டிக்கு ஒரு கையுறை

கேமரன் மலையில் விடியற்காலையில் 15 பாகைக்குக் குளிர் இறங்கும். பாட்டிக்கு விரல் மூடிய கையுறை ஆகாது. ஜபமாலை உருட்ட முடியல, பூக்கட்ட முடியலன்னு கழற்றிப் போட்டுருவாங்க. அதான், விரல் இல்லாததை நானே பின்னினேன்.

நடுத்தரக் கம்பளி நூல், 4 மி.மீ. ஊசி இரண்டு போதும். 36 கண்ணி ஏற்றுங்கள். எல்லா வரிசையும் நேர்க்கண்ணிதான். துண்டு உள்ளங்கையைச் சுற்றி வரும்வரை பின்னி முடியுங்கள். தொடங்கிய ஓரத்தையும் முடித்த ஓரத்தையும் சேர்த்து, மேலே 4 செ.மீ. தைத்து, பெருவிரலுக்கு 5 செ.மீ. விட்டு, மீதியைத் தையுங்கள். இன்னொன்றும் இதேதான், இடது வலது கிடையாது.

கண்ணியை இறுக்காதீங்க. என் முதல் ஜோடி பாட்டி கையில நுழையவே இல்லை. இரண்டு முறை அவிழ்த்தேன். மூன்றாவதை மாட்டிக்கிட்டுத்தான் காலையில எனக்கு விபூதி பூசிவிட்டாங்க. விரல் சூடா இருந்துச்சு.